வழி கேட்டுக்கொண்டே நடந்த வெள்ளையம்மாள் அத்தை

கல்லலிலிருந்து வந்த மாட்டுத் தரகர் காரைக்குடியில் எங்கள் வாசலில் நின்று, தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததுமே அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்துவிட்டார். "உங்க நாத்தனா ராத்திரி நல்லாத்தான் படுத்தாக. காலையில எந்திரிக்கல," என்றார் அவர். போன கார்த்திகையில் நடந்தது இது. என் அப்பாவின் ஒரே தங்கை, கல்லலில் இருந்த என் அத்தை வெள்ளையம்மாள், போய்விட்டார்.

சிங்கம்புணரிக்காரர்களே, நத்தத்துக்காரர்களே, திண்டுக்கல் தாண்டிச் சாலையோரம் குடியிருப்பவர்களே, இந்தச் செய்தி உங்களுக்கு வந்திருக்காது. தை மாதம் தோறும் பழனிக்கு நடந்தே வந்து, உங்கள் எல்லோரிடமும் வழி கேட்டுவிட்டுப் போவாரே, அந்த உயரமான அம்மாள்தான். இந்தத் தையிலும் நீங்கள் மோர்ப்பானையோடு சாலையில் நின்று, காவடிக் கூட்டத்தில் அவரைத் தேடுவீர்கள். அப்படித் தேடி நிற்க வேண்டாம் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, விளக்கைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். கல்லலில் காரியமெல்லாம் முடித்துத் திரும்பிய அப்பாவிடம், "ரோட்டுல இருக்கிறவுகளுக்கு யாருப்பா சொல்றது?" என்று கேட்டேன். அப்பாவின் முகம் மாறிவிட்டது. "பொட்டப்புள்ள ரோட்டளந்தது போதும். இனிமே இந்த வீட்டுல அவ பேச்சும் கூடாது, அந்த ரோட்டுப் பேச்சும் கூடாது. மீறினா பள்ளிக்கூடத்த விட்டு நிறுத்திப்புடுவேன்," என்றார். நான் ஏழாம் வகுப்பு. எங்கள் தெருவில் ஏழாம் வகுப்பு வரை வந்த பெண் நான் ஒருத்திதான். ஆகவே இந்தத் தாளை, தை மாதம் நடக்கப் போகும் காவடிக்கார மொக்கைச்சாமி அண்ணனிடம் ரகசியமாகக் கொடுத்துவிட நினைத்திருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டவும்.

அத்தையோடு நான் நடந்தது போன வருஷம். விஷக்காய்ச்சலில் நான் கிடந்தபோது, பிழைத்தால் பிள்ளை பழனிக்கு நடந்து வரும் என்று அம்மா வேண்டிக்கொண்டார். பிழைத்த பிறகு அப்பா, பஸ்ஸிலேயே போய் வந்துவிடலாம் என்றார். அத்தை விடவில்லை. "நடந்து வாரோம்னு சொன்னது முருகன்ட்டண்ணே. பஸ்ஸுக்காரன்ட்டயா சொன்னீக?" என்று கேட்டார். கூட்டத்தை விட்டுப் பிரியக் கூடாது என்று அப்பா நூறு தடவை சொல்லி அனுப்பினார். தான் மதுரை போய் ரயிலேறி, பழனி அடிவாரத்தில் காத்திருப்பதாகச் சொன்னார்.

குன்றக்குடியில் காவடிகளோடு சேர்ந்து புறப்பட்டோம். சாலை பிரியும் இடம் வந்தாலே அத்தை நின்றுவிடுவார். வரப்பில் போகிறவரைக் கைதட்டிக் கூப்பிட்டு, "ஏப்பா, சிங்கம்புணரிக்கு இங்குட்டா, அங்குட்டா?" என்பார். முன்னால் போகும் காவடிகள் எங்கள் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். எனக்கு வெட்கமாக இருந்தது.

"ஏன் அயித்தே, வழி தெரியாமயா இத்தனை வருஷம் போனீக?"

"வழி தெரியும்டி மீனா. நாம பாட்டுக்குப் போனா அவுக பாட்டுக்கு நிப்பாக. ஒரு வார்த்தை கேட்டாத்தான ஒரு வார்த்தை வரும்."

ஒரு வார்த்தையோடு எங்கே நின்றது? எந்த ஊர், எத்தனை பிள்ளை, மழை உண்டா, மாடு கறக்குதா என்று எல்லாம் வரும். பிறகு செம்பில் மோர் வரும். சில இடத்தில் பனங்கிழங்கு வரும். அந்நியர் யாராவது என்னைப் பார்த்தாலே அத்தையின் முந்தானைக்குப் பின்னால் போய்விடுகிறவள் நான். கொட்டாம்பட்டி தாண்டுவதற்குள் முந்தானைக்குப் பின்னால் ஒளிய எனக்கு நேரமில்லை. ஆளுக்கொருவர் என் கையில் எதையாவது கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

உங்களிடம் எனக்கு ஒரே ஒரு குறை உண்டு. நத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்டால் எல்லோரும், "இந்தா, கூப்பிடுற தூரந்தான்," என்றீர்கள். அதை நம்பி நடந்தேன். வெயில் சாய்ந்த பிறகும் ஒருவர் அதையே சொன்னபோது, சாலையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அத்தை என்னைச் சமாதானப்படுத்தவில்லை. இடுப்பில் கைவைத்து, மலைப்பக்கம் திரும்பி, "ஏ நத்தமோய்!" என்று கத்தினார். மாந்தோப்புக்குள்ளிருந்து ஒரு குரல், "என்னாத்தா?" என்றது. "கேட்டியா? கூப்பிட்டா நத்தம் பேசுது. எந்திரி," என்றார் அத்தை. தோப்புக்குள்ளிருந்து பேசியவர் ராவுத்தர் அண்ணன். சிரித்துக்கொண்டே வெளியே வந்து, தன் டீக்கடை வரைக்கும் என் மூட்டையைச் சுமந்து வந்தீர்கள், அண்ணே. கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தீர்கள். ஊர் அதற்கப்புறமும் வெகுதூரம் இருந்தது. அதை நான் மறக்கவில்லை.

சேவலைப் பற்றிச் சொல்லாமல் போனால் கருப்பாயி அக்கா கோபித்துக்கொள்வார். சிங்கம்புணரியிலேயே அவர் திண்ணையில் இருந்தபடி எங்களைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். "இந்த வருஷம் எனக்குக் காலு முறிஞ்சு கெடக்கு. நேந்துவிட்ட சேவல். நீகதான் கொண்டுபோய் முருகன்ட்ட விடணும்," என்று ஒரு செஞ்சேவலைக் கூடையோடு நீட்டினார். அத்தைக்கு இல்லை என்று சொல்லத் தெரியாது. கூடை என் தலைக்கு வந்தது. பார்க்கிறவர்களெல்லாம், "ஏத்தா, முருகன் கொடியில இருந்த சேவல் எறங்கி வந்துருச்சா?" என்று கேட்டார்கள். அது நினைத்தபோதெல்லாம் கூவியது. என் புதுப் பாவாடையை அது என்ன செய்தது என்று இங்கே எழுத முடியாது.

திண்டுக்கல்லுக்கு மேற்கே, ஆட்டுக்கிடை போட்டிருந்த இடத்தில், தண்ணீர் காட்டலாம் என்று கூடையைத் திறந்தேன். சேவல் பறந்து சோளக்காட்டுக்குள் போய்விட்டது. ஒருவர் கால் முறிந்து கிடந்து கொடுத்தனுப்பிய நேர்ச்சை அல்லவா? அத்தை காட்டைப் பார்த்தார், தூரத்தில் போய்விட்ட காவடிகளைப் பார்த்தார். பிறகு கிடைக்கார சின்னான் அண்ணனிடம், "ஏப்பா, ஒரு சேவல் இங்குட்டுப் போச்சா, அங்குட்டுப் போச்சா?" என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், கம்போடு ஒருவர், கூடையோடு ஒருவர், பிள்ளைகள், நாய்கள், எல்லாம் காட்டுக்குள் இறங்கிவிட்டன. "அந்தா நிக்கிது! மறிங்கடா!" என்ற சத்தம் பொழுது சாயும் வரை கேட்டது. கடைசியில் அதைப் பிடித்தவர் சின்னான் அண்ணனின் மனைவி. அரிசியைத் தூவிவிட்டுத் தன் குடிசை வாசலில் உட்கார்ந்திருந்தாராம், அதுவாகவே வந்ததாம். "இத்தனை ஆம்பளைக ஓடுனீகளே, ஒருத்தருக்காச்சும் அதுக்குப் பசிக்கும்னு தோணுச்சா?" என்று அவர் கேட்டதும் ஊரே சிரித்தது. இருட்டில் எங்களை அனுப்ப மாட்டோம் என்று சொல்லி, கேப்பைக்களியும் கீரையும் போட்டு, தங்க வைத்தீர்கள். அத்தை நல்ல சந்தோஷத்தில் இருந்தார். கூட்டம் எங்களை விட்டுப் போயே போய்விட்டது.

பழனியில் என்ன நடந்தது என்று உங்களில் யாருக்கும் தெரியாது. காரைக்குடிக் காவடிகள் வந்து சேர்ந்தபோது அதில் நாங்கள் இல்லை. அப்பா இரவெல்லாம் அடிவாரத்தில் நின்று, வருகிற கூட்டம் ஒவ்வொன்றிலும் முகம் முகமாகப் பார்த்திருக்கிறார். மறுநாள் நாங்கள் சேவலோடு போய் நின்றபோது அவர் கண் சிவந்திருந்தது. என்னைத் தொட்டுப் பார்த்தார். பிறகு அத்தையிடம், "எம்புள்ளைக்கு ஒண்ணு ஆகியிருந்தா என்ன செஞ்சிருப்ப? இனிமே என் வாசப்படிய மிதிக்காத!" என்று கத்தினார். தேங்காய்க் கடைக்காரர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை கேட்டுக்கொண்டார். "சரிண்ணே, மிதிக்கல. முதல்ல இந்தச் சேவலப் பிடிங்க, எனக்குக் கையி வலிக்குது," என்று அவர் கையில் கொடுத்துவிட்டார். சேவலை வைத்துக்கொண்டு யாராலும் கோபமாக நிற்க முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மலை ஏறுகிறவரை அப்பாதான் தூக்கிவந்தார். மேலே போவதற்குள் அது அவர் கையிலேயே தூங்கிப்போனது. கருப்பாயி அக்கா, உங்கள் நேர்ச்சை சேர்ந்துவிட்டது.

சொன்னபடி அத்தை எங்கள் வாசற்படியை மிதிக்கவில்லை. ஆனால் காரைக்குடிச் சந்தைக்கு வரும்போதெல்லாம் தெருவில் நின்றுகொண்டு, ஊருக்கே கேட்கும்படி கல்லல் சமாசாரமெல்லாம் சொல்லுவார். அப்பா உள்ளே பத்திரிகையை விரித்தபடி இருப்பார். திருப்புகிற சத்தமே கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து, "மீனா, தெருவுல யாரோ தொண்ட காயக் கத்துறாக. காப்பி கொண்டுபோய்க் குடு," என்பார். அத்தை குடித்துவிட்டு, "இந்த வீட்டுக்காரவுகளுக்கு நல்ல மனசு. யாரு வீடு இது?" என்று என்னிடமே கேட்பார். உள்ளே அப்பா இருமுவார். அது சிரிப்பை அடக்குகிற இருமல் என்று எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். உள்ளே வா என்று சொல்ல இன்னொரு சந்தை நாள் இருக்கிறது என்று அப்பா நினைத்திருப்பார்.

இதை எழுதிய பிறகுதான் ஒன்று தோன்றுகிறது. அத்தையோடு அந்தச் சாலையில் பழகியவர்களுக்கு என்றுதானே எழுத ஆரம்பித்தேன்? அப்பாவும் அங்கே சேவலைச் சுமந்தவர்தான். அவருக்குத் தெரியாமல் உங்களுக்கு இதை அனுப்பினால், உங்களில் ஒருவரை விட்டுவிட்டதாக ஆகும்.

அதனால் மொக்கைச்சாமி அண்ணனிடம் இதை ரகசியமாகக் கொடுக்கப் போவதில்லை. விடிந்ததும் அப்பாவின் பத்திரிகைக்கு மேலே வைக்கப் போகிறேன். அவர் படித்துவிட்டு அவரே கொடுத்தனுப்பட்டும். பள்ளிக்கூடத்தை விட்டு அப்பா நிறுத்திவிட்டால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

அத்தை எனக்கென்று விட்டுப் போனது உங்களைத்தான். பரீட்சைக்குப் பயம், நாய்க்குப் பயம், அப்பாவின் செருப்புச் சத்தத்துக்குப் பயம் என்று இருக்கிறவள் நான். பயம் வரும்போது கருப்பாயி அக்கா, ராவுத்தர் அண்ணன், சின்னான் அண்ணன் என்று வரிசையாகச் சொல்லிப் பார்ப்பேன். இத்தனை பேர் வீட்டில் எனக்குச் சோறு உண்டு என்று நினைத்தால் கொஞ்சம் தைரியம் வருகிறது. காலையில் அப்பா இதைக் கிழித்துப் போட்டால் மறுபடி எழுதுவேன். உங்கள் பேரெல்லாம் எனக்கு மனப்பாடம்.