கைக்குட்டை போட்ட சீட் யாருடையது?

காலையில் திருநின்றவூர் ஸ்டேஷனுக்கென்று ஒரு வாசனை உண்டு. ஈரத் தலைமுடி, முகப் பவுடர், டிபன் பாக்ஸ் மூடியை மீறி வரும் புளிக்குழம்பு... எல்லாம் கலந்து அடிக்கும்.

அந்த வாசனை முழுக்க எதிர் பிளாட்பாரத்தில். சென்னைப் பக்கம் வேலைக்குப் போகிற கூட்டம் அங்கேதான் நிற்கும். அம்பத்தூர் எஸ்டேட்டில் மிஷின் ஆபரேட்டராக இருந்த அப்பாவும் அதில் ஒருவர். நான் மட்டும் இந்தப் பக்கம், திருவள்ளூர் வண்டிக்கு.

என் யுனிவர்சிட்டி திருவள்ளூர் தாண்டி இருந்தது. லிபரல் ஆர்ட்ஸ். முதல் வருஷம் எல்லாப் பாடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிட்டு, கடைசியில் ஒன்றை மெயினாக எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் எடுப்பேன் என்று சொன்னதால்தான் அப்பா சேர்த்தார். அப்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் வண்டி காலியாக வரும். ஆவடியில் ஏறும் ஷபானாவும், அம்பத்தூரில் ஏறும் ஜெரால்டும், இரண்டு பேரும் என் வகுப்புதான், ஜன்னலோரம் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். முதல் ஒரு மாதம் சிரிப்பதோடு சரி. நான் தமிழ் மீடியம். வகுப்பில் எல்லோரும் இங்கிலீஷில் பொரிந்து தள்ளுவார்கள். நான் பெஞ்சைச் சுரண்டிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் தத்துவ வகுப்பில் மேடம் கேட்டார், ஒரு பொருள் எப்போது நம்முடையது ஆகிறது என்று. காசு கொடுத்தால், உழைத்தால், சட்டம் சொன்னால்... ஆளுக்கொன்று சொன்னார்கள். என் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர் ரயிலில் கைக்குட்டையைப் போட்டால் சீட் நம்முடையது மேடம் என்றேன்.

வகுப்பே சிரித்தது. மேடம் சிரிக்கவில்லை. அந்த ரூலை யார் போட்டது, எழுதி வைக்காததை ஏன் எல்லோரும் மதிக்கிறார்கள், ஆளே இன்னும் ஏறவில்லை என்றால் அப்போதும் செல்லுமா என்று என்னையே கேட்டார். மீதி நேரம் முழுக்க அதே பேச்சுதான். எனக்குக் காது சூடாகிவிட்டது, சந்தோஷத்தில்.

சாயங்கால ரயிலிலும் அதே சண்டை. ஷபானா ஒரு கட்சி, ஜெரால்டு ஒரு கட்சி. பேச்சு மும்முரத்தில் திருநின்றவூரைக் கோட்டைவிட்டு, நெமிலிச்சேரியில் இறங்கித் திரும்பி வந்தேன். அன்றையிலிருந்து நாங்கள் மூன்று பேரும் ஒரு செட். தினமும் ஒரு கேள்வி இல்லாமல் வண்டி நகராது.

வருஷக் கடைசியில் வீட்டில் சொன்னேன், மெயினாகத் தத்துவம் எடுக்கப் போகிறேன் என்று. அப்பா சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. நாள் முழுக்க நிற்கிற பிழைப்பு தன்னோடு போகட்டும் என்றுதான் படிக்க வைப்பதாகச் சொன்னார். கம்ப்யூட்டர் இல்லையென்றால் படிப்பை நிறுத்திவிடலாம், நாளைக்கு நானே வந்து யுனிவர்சிட்டி ஆபீஸில் பேசுகிறேன் என்றும் சொல்லிவிட்டார்.

மறுநாள் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். திருவள்ளூர் வண்டியில், காலியான பெட்டியில், பேண்ட்டை இழுத்துவிட்டுக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தார். ஜெரால்டுக்கு வீட்டு விவகாரம் எதுவும் தெரியாது. உங்கள் பெண்தான் அங்கிள் கைக்குட்டைக் கேஸ் என்று ஆரம்பித்து முழுக்கதையும் சொல்லி, ஏறாத ஆளுக்கு இடம் பிடிப்பது அநியாயம் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அப்பா ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"தம்பி, எனக்கு முன்னாடியே புட்லூர்ல ஏறுற ஒருத்தரு தெனம் எனக்கு சீட்டு போட்டு வைக்கிறாரு. நாள் பூரா மிஷினாண்ட நின்னுகினு கீறேன். அந்தக் கொஞ்ச நேரம்தான் ஒக்கார்றேன். இதுல இன்னா தப்பு?"

"எதிர்ல நிக்கிறவரும் உங்கள மாதிரியே நின்னு வேலை செய்றவரா இருந்தா அங்கிள்?" என்றாள் ஷபானா.

அப்பா மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். திருவள்ளூர் வந்ததும் முதல் ஆளாக இறங்கி நடந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

யுனிவர்சிட்டி கேட் வரை வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார்.

"கிளாஸ்லயும் இப்டித்தான் கேப்பாங்களா?"

ஆமாம்பா என்றேன்.

"இத்தினி வருசமா வேலை செய்றேன். நீ இன்னா நெனைக்கிறன்னு என்னாண்ட ஒருத்தன் கேட்டதில்லமா."

ஆபீஸ் பக்கமே போகவில்லை. பிடித்ததைப் படி, வேலைக்கு மட்டும் நீதான் வழி பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்குத் திரும்பினார். சாயங்காலம் வீட்டில் என்னைச் செருப்பைக்கூடக் கழற்ற விடவில்லை. "அந்தப் பொண்ணாண்ட சொல்லு. பாதி தூரம் நானு ஒக்கார்றேன், பாதி தூரம் எதிர்ல நிக்கிறவரு."

வேலைக்கு வழி சுலபமாகக் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். படித்து முடித்து ரொம்ப நாள் அலைந்தேன். இப்போது கிண்டிப் பக்கம் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கிறேன். மீட்டிங்கில் யாரும் ஏன் என்று கேட்பதில்லை, எல்லாவற்றுக்கும் ஓகே. ஷபானா பெங்களூரு, ஜெரால்டு கனடா. எங்கள் குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வருகிறது. திருவள்ளூர் வண்டியும் இப்போது காலியாக வருவதில்லை. ஏறுகிற எல்லோர் காதிலும் இயர்போன்.

இன்றைக்கு என்னோடு வாதம் பண்ண மிச்சமிருப்பவர் அப்பா ஒருவர்தான். ரிட்டையர் ஆகிவிட்டார். வேலைக்கு வரும் அக்காக்கள் லிஃப்டில் ஏறக்கூடாது என்று எங்கள் அப்பார்ட்மெண்டில் போன வாரம் ஒரு ரூல் போட்டார்கள். அது அநியாயம் என்பதில் எங்களுக்குள் சண்டையில்லை. அந்த ரூலை மீறலாமா, மாற்றும்வரை பொறுக்கலாமா என்பதில்தான். பொறுக்கலாம் என்ற என்னை மடக்கி மடக்கிக் கேட்டு ஒன்றுமில்லாமல் பண்ணிவிட்டார். என்ன மூளை இந்த மனுஷனுக்கு என்று பெருமையாக இருந்தது. கூடவே மனசு கனத்தது.

எந்த வயசில் நான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தேனோ, அந்த வயசில் அப்பா மிஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.