கறுப்பு நாயும் ஒரு மண்டலமும்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மயிலாப்பூரில், மாடவீதிக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் குடியிருந்தேன். கணவருக்குத் துபாயில் வேலை. எனக்குத் துணைக்கு என்று அவர் கிளம்பும் முன் கொண்டுவந்து விட்ட நாய்க்குட்டி, ஒரே வருடத்தில் கன்றுக்குட்டி கணக்காக வளர்ந்து நின்றது. மூக்கு முதல் வால் நுனி வரை கறுப்பு. அவன் இருந்த தைரியத்தில்தான் நான் தனியாகத் தூங்கினேன். அவன் இல்லையென்றால் என்றைக்கோ வீட்டைக் காலி செய்துகொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருப்பேன்.

அவனிடம் ஒரே குறை. தெருவில் இறங்கினால் இழுப்பான். யார் யாரை நடத்திக்கொண்டு போகிறார்கள் என்பதில் பார்ப்பவர்களுக்குச் சந்தேகமே வராது. ஒருநாள் காலை அவன் இழுத்த இழுப்பில் சங்கிலி கீழ்வீட்டு மாமியின் காலில் சிக்கி, மாமி தான் போட்ட கோலத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அடி ஒன்றும் இல்லை. மாமி சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார். மாமாவுக்குத்தான் பொறுக்கவில்லை. அவர்தான் ஹவுஸ் ஓனர். அன்று மாலையே மாடியேறி வந்தார்.

"பங்குனி உற்சவத்துக்கு இந்தத் தெருவுல கால் வைக்க இடம் இருக்காது. அதுக்குள்ள இது இழுக்காம நடக்கணும். இல்லேன்னா செங்கல்பட்டுப் பக்கம் எனக்குத் தெரிஞ்சவா தோப்பு இருக்கு, அங்க கொண்டு விட்டுடலாம். அவகாசம் தராம நான் எதுவும் பண்ண மாட்டேன்."

எவ்வளவு பெருந்தன்மை என்று நானும் நம்பினேன். நன்றிகூடச் சொன்னேன். அந்த நன்றியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

ராயப்பேட்டையில் ஒரு கால்நடை மருத்துவர் வழி சொன்னார். சங்கிலி இறுகியதும் நின்றுவிட வேண்டும். அவனாகத் திரும்பிப் பார்த்து, சங்கிலி தளர்ந்தால் ஒரு வேர்க்கடலையைக் கொடுத்துவிட்டு நடக்க வேண்டும். நான் "போ" என்று சொன்னால் மட்டும் அவன் இஷ்டத்துக்குப் போகலாம். அவ்வளவுதான். கேட்க எத்தனை சுலபம்! மயிலாப்பூரில் ஒரு பெண் காரணம் சொல்லாமல் தெருவில் நிற்க முடியுமா? நான் நின்றால் சைக்கிள் நிற்கும், ஆட்டோ நிற்கும், ஆளுக்கொரு யோசனை வரும். பேப்பரைச் சுருட்டி ஒன்று வையுங்கள் என்பார் ஒருவர். பட்டினி போட்டால் தானாக அடங்கும் என்பார் இன்னொருவர். கேட்டேனா உங்களை?

தெருமுனையில் பூ கட்டி விற்கும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். அவளும் சும்மா இருக்கவில்லை.

"இன்னாம்மா, நடு ரோட்ல நின்னுக்கினு கீற? பாவம், பசியில கீது போல" என்றவள், நான் வாயைத் திறப்பதற்குள் டீக்கடையிலிருந்து பொறை ரொட்டி ஒன்றை வாங்கி அவன் முன்னால் வீசினாள். சங்கிலி என் கையைப் பிய்த்துக்கொண்டு போனது.

"ஏம்மா, இப்பத்தானே கொஞ்சம் பழகிட்டு வரான்!"

"கறுப்பு நாய்க்குப் போட்டா நல்லதும்மா. பைரவரு வாகனம்."

அதற்கப்புறம்தான் தெருவைக் கண் திறந்து பார்த்தேன். வாசலுக்கு வாசல் பரிகாரம். ஒரு வீட்டில் பெண்ணுக்கு வரன் தகையவில்லை, இட்லி. இன்னொரு வீட்டில் கணவருக்குப் பதவி உயர்வு வரவில்லை, பிஸ்கட். ஜோசியர்கள் சொல்லும் கறுப்பு நாய், துளி வெள்ளையும் கலக்காத நாய், அந்தத் தெருவில் இவன் ஒருவன்தான். எந்த நாய் இழுக்காது? எனக்கே வாசலுக்கு வாசல் இட்லி வைத்தால் நானும் இழுப்பேன். தெருவே கூடி அவனுக்கு இழுக்கக் கற்றுக்கொடுத்துவிட்டு, இழுக்கிறான் என்று அவனையே ஊரைவிட்டு அனுப்புவதாம்!

வீடு வீடாக ஏறிக் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே நிறுத்தினார்கள். பூக்காரம்மாவும் நிறுத்தினாள். ஒருவர் மட்டும் நிறுத்தவில்லை. தினமும் விடிந்ததும் கேட்டருகே தயிர்சாதக் கிண்ணத்தோடு நின்றவர் சாட்சாத் மாமாதான். என்னை எச்சரித்துவிட்டுப் போன சில நாளிலேயே ஆரம்பித்துவிட்டார். முதலில் அதைப் பாசம் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல!

"நீங்களே போட்டா அவன் எப்படி மாமா கத்துப்பான்?"

"பையனுக்கு அமெரிக்கா விசா தட்டிண்டே போறது. கறுப்பு நாய்க்குக் கார்த்தால வாசல்ல வெச்சு, ஒரு மண்டலம், நாப்பத்தெட்டு நாள், விடாம தயிர்சாதம் போடச் சொல்லியிருக்கார் ஜோசியர். நடுவுல ஒரு நாள் விட்டாலும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும், தெரியுமோன்னோ? உற்சவத்துக்குள்ள முடிஞ்சுடும். அப்புறம் தோப்புக்கு அனுப்பிக்கலாம்."

பால்காரன் வரும் நேரத்தைச் சொல்வதுபோலச் சொன்னார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அவகாசம் அவருடைய மண்டலத்துக்கு. இவன் நடக்கக் கற்றாலும் தோப்பு, கற்காவிட்டாலும் தோப்பு.

அதற்குப் பிறகு நான் யாருக்காகவும் கூச்சப்படவில்லை. குளத்தங்கரையில், பஸ் ஹாரன் அடிக்க அடிக்க, மரம்போல நின்றேன். யார் என்ன கேட்டாலும் பதில் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அவன் திரும்பி என் முகத்தைப் பார்க்க ஆரம்பித்தான். கேட்டுக்கு முன்னாலும் நின்று பழக்கினேன். தயிர்சாதத்தைப் பார்த்துத் திமிறுவான், நான் நிற்பேன், அடங்கினால் "போ" என்பேன். மாமாவும் கிண்ணத்தை நீட்டிக்கொண்டு காத்திருப்பார்.

உற்சவத்துக்குக் கொடியேற்றம் நெருங்கியிருந்த ஒரு காலை. அவன் என் முழங்காலை ஒட்டியே நடந்து வந்தான். மாமா கிண்ணத்தை நீட்டினார். அவன் என்னைப் பார்த்தான். நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கிண்ணத்தைத் தாண்டி என்னோடு படியேறினான். சங்கிலி தொய்வாகவே இருந்தது.

மாமா பதறிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். "என்னது இது, மோந்துகூடப் பாக்கலையே! மண்டலம் நின்னுடும்மா! கொஞ்சம் இந்தப் பக்கம் இழுங்கோளேன்!"

"இழுக்கக் கூடாதுன்னு நீங்கதானே மாமா சொன்னீங்க" என்றேன். நின்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மாலையில் மறுபடி மாடியேறி வந்தார். ஜோசியரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "முதல்லேர்ந்து ஆரம்பிக்கணுமாம். நாய் இங்கேயே இருக்கட்டும்" என்றார். அவன் எவ்வளவு அழகாக நடக்கிறான் என்று ஒரு வார்த்தை இல்லை. அவனை அனுப்புவதாக இருந்தோமே என்று ஒரு கூச்சம் இல்லை. அடுத்த மண்டலம் எப்போது முடியும் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டே இறங்கிப் போனார்.

நான் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதேன். அத்தனை கோபம் எனக்கு. மறுநாளே திருவான்மியூரில் வீடு தேட ஆரம்பித்தேன்.