குமுதாவின் ஈறும் வலிப்பு மாத்திரையும்

“டாக்டரம்மா, எம் பொண்ணுக்குப் பல்லே காணோங்க.”

அஞ்சலை என்னிடம் சொன்ன முதல் பேச்சு இதுதான். கள்ளக்குறிச்சிப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் நான் பல் டாக்டராகச் சேர்ந்து இரண்டாவது வருஷம். எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். தப்பு ஆஸ்பத்திரியுடையது அல்ல, என்னுடையது. அவள் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு மலைக்கிராமத்திலிருந்து பஸ் மாறி வந்திருந்தாள். கூட ஒன்பது வயது மகள் குமுதா, தாவணித் துணியொன்றால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

“வாயத் தொற கண்ணு” என்றேன். ம்ஹும்.

“தொறடி. டாக்டரம்மா இன்னா உன்னக் கடிச்சா துன்னப் போறாங்க?” என்று அஞ்சலை அதட்டினாள்.

திறந்தாள். பல்லெல்லாம் இருந்தது. ஈறுதான் வளர்ந்து, நுனி மட்டும் தெரியும்படி பற்களை மூடியிருந்தது. தொட்டாலே ரத்தம். மெல்ல முடியாமல் களியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள். வாய் நாறுகிறது என்று வகுப்பில் ஒருத்தியும் பக்கத்தில் உட்காரவில்லையாம். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு மாதம் ஆகியிருந்தது.

“வலிப்பு வருமா?” என்று கேட்டேன்.

“முன்ன அடிக்கடி வந்துகினு இருந்துச்சுங்க. மாத்திரை குடுத்தாங்க. இப்ப ஒரு வருசமா வர்றதில்ல.”

கேட்டவுடனே புரிந்துவிட்டது. அந்த வலிப்பு மாத்திரை சில குழந்தைகளுக்கு ஈறை வளர்த்துவிடும். நான்கு தடவை வரச்சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை வெட்டிச் சரிசெய்தேன். ஜிஞ்சிவெக்டமி என்போம். நான்கு தடவையும் கூலிவேலையை விட்டுவிட்டு அஞ்சலை மகளைக் கூட்டிவந்தாள். ஒருநாளும் தவறவில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள்.

கடைசி நாள் கண்ணாடியைக் கொடுத்தேன். குமுதா பார்த்தாள், சிரித்தாள், சிரித்ததையும் பார்த்தாள். “பள்ளிக்கூடம் போவலாமா?” என்றாள். நாளைக்கே போ என்றேன். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இது மறுபடி வருமாங்க?” என்று அஞ்சலை கேட்டாள்.

“வரும்மா. அந்த மாத்திரையாலதான் வளருது. அதைச் சாப்பிடற வரைக்கும் வளரும். பல்லை நல்லா வெளக்கச் சொல்லு.”

வாயால் சொன்னது அவ்வளவுதான். மிச்சத்தை ஓ.பி. சீட்டில் எழுதினேன். மாத்திரையை மாற்ற முடியுமா பாருங்கள், அதுவரை நிறுத்த வேண்டாம் என்று இங்கிலீஷில், பொது மருத்துவருக்கு எழுதினேன். எங்கள் வழக்கம் அது. டாக்டர் டாக்டருக்கு எழுதுவோம், சீட்டை நோயாளி சுமந்துகொண்டு போவார். பொது மருத்துவரின் ஓ.பி. அன்று முடிந்திருந்தது. “அடுத்த வாரம் வந்து அவரைப் பாரு” என்றேன். மலைக்குப் போகிற பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஓடினார்கள். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அடுத்த வாரம் வரவில்லை. மூன்றாவது வாரம் அஞ்சலை மட்டும் வரிசையில் நின்று உள்ளே வந்தாள்.

“பொண்ணு எங்கம்மா?”

“போயிடுச்சுங்க.”

பள்ளிக்கூடத்துக்கா என்று கேட்டேன் பாவி. அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மறுபடி ஈறு வளரக்கூடாதென்று அன்றைக்கு வீட்டுக்குப் போனதுமே மாத்திரையை நிறுத்திவிட்டாள். “நாலு நாளு நல்லா இருந்துச்சுங்க. பள்ளிக்கூடம் போச்சு. அஞ்சாம் நாளு வலிப்பு வந்துச்சு, நிக்கவேயில்ல. ஒண்ணு வுட்டா இன்னொண்ணு. ஜீப்புல தூக்கிப் போட்டுகினு எறங்குனோம். பாதி மலையிலயே...”

“ஏம்மா நிறுத்துன?”

“நீங்கதான மாத்திரையாலன்னு சொன்னீங்க.”

குற்றமாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். திட்டியிருக்கலாம், மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம். அவள்தான் எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி, “போறப்ப வாயி நல்லா இருந்துச்சு டாக்டரம்மா. பல்லெல்லாம் தெரிஞ்சுச்சு. நீங்க பாடுபட்டு செஞ்சதாச்சே, சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்” என்றாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இதயத்தில் ஓட்டையா, ரத்தம் உறையாத நோயா, வலிப்பா என்று கேட்காமல் குழந்தையின் வாயில் கை வைக்காதே என்று கல்லூரியில் படித்துப் படித்துச் சொன்னார்கள். நான் கேட்டேன். சொல்லத்தான் தவறினேன். புதிதாக வேலைக்கு வருகிற டாக்டர்களே, வலிப்புப் பிள்ளை வந்தால் ஈறைப் பார்ப்பதற்கு முன்னால் “மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க” என்று தமிழில் சொல்லுங்கள். தாயைத் திருப்பிச் சொல்லவைத்துக் கேளுங்கள். பஸ் போனால் போகட்டும். நான் ரிட்டயர் ஆகிற நாள்வரை அப்படித்தான் செய்தேன். யார் யாருக்கோ அது உதவியிருக்கும். குமுதாவுக்கு உதவவில்லை.