திசையன்விளையில் நான் தலையாட்டியது

காது கேட்காததை மறைப்பதில் நான் கைதேர்ந்தவள். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. பன்னிரண்டு வருஷமாகக் காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது, ஒருத்தருக்கும் தெரியாது. சந்தேகம் கேட்கிற பிள்ளையை, "போர்டுல வந்து எழுதிக் காட்டு" என்பேன். காது மெஷினை முடிக்குள் ஒளித்துவிடுவேன். மற்ற எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான். யார் என்ன சொன்னாலும் இரண்டு தடவை தலையை ஆட்டினால் போதும், சொன்னவர் திருப்தியாகப் போய்விடுவார். இப்படித் தலையாட்டியே ஒரு தடவை பள்ளிக்கூட டூருக்குப் பொறுப்பாளராக ஆகியிருக்கிறேன். பஸ்ஸில் ஏறச் சொன்ன அன்றைக்குத்தான் எனக்கே விஷயம் தெரியும்.

என்னைக் கண்டுபிடித்தவள் எனக்கு ஜாக்கெட் தைக்கிற பெண். மார்க்கெட் பக்கம் சின்னக் கடை. அவளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. ஒரு நாள் அளவு கொடுத்துக்கொண்டு நிற்கும்போது வாசலில் நின்ற அம்மாள் ஒருத்தி என்னிடம் ஏதோ கேட்டாள். வழக்கம்போல ஆட்டினேன். அவள் என் குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டாள். தையல்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு என் காதைத் தொட்டாள், தன் காதைத் தொட்டாள், இரண்டு விரலையும் சேர்த்துக் காட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தைக்கக் கொடுத்த துணி மட்டும் அவளிடம் இல்லாதிருந்தால் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்திருக்க மாட்டேன்.

துணி வாங்கப் போனவளைத்தான் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஒரு மாடி அறை. இருபது இருபத்தைந்து பேர், எல்லோரும் காது கேட்காதவர்கள். உவரியிலிருந்து படகு மெக்கானிக் ஒருவர் வருவார், டவுனிலிருந்து அச்சாபீஸ்காரர் ஒருவர். நாற்காலிகளை வட்டமாகத்தான் போடுவார்கள், ஒருவர் கை இன்னொருவருக்கு மறையக் கூடாது. எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்க வேண்டுமென்றால் ட்யூப் லைட்டை அணைத்துப் போடுவார்கள். வெயில் காலத்தில் கூட்டம் ஆற்றங்கரைக்குப் போய்விடும். தாமிரபரணிக்கு இந்தக் கரையில் ஒருவர், அந்தக் கரையில் ஒருவர் நின்றுகொண்டு, குளித்துக்கொண்டிருக்கிற கூட்டத்தின் தலைக்கு மேலே சாவகாசமாகக் கதை பேசுவதைப் பார்த்திருக்கிறேன். பொறாமையாக இருந்தது. இரண்டு வருஷத்தில் நானும் தட்டுத்தடுமாறிக் கைப்பேச்சு கற்றுக்கொண்டேன்.

தையல்காரிக்கு அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வாரம் முழுக்கச் சேர்த்து வைத்த பேச்சு. அப்பா இல்லை. அம்மாவுக்குக் கைப்பேச்சில் சாப்பிடு, வா, போ, தூங்கு என்று பத்துப் பதினைந்து தெரியும். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. பாசமில்லை என்று சொல்ல முடியாது, மகளுக்காக உயிரையே விடுவாள். மகளோடு பேச மட்டும் தெரியாது.

அந்தக் கூட்டத்துக்குத் திசையன்விளையிலிருந்து ஒரு பையன் வருவான். வெல்டிங் பட்டறையில் வேலை, அவனுக்கும் காது கேட்காது. இரண்டு பேருக்கும் பிடித்துப்போனது. பையன் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்றபோது அவள் அம்மா என்னிடம் வந்தாள். "நீங்க டீச்சர், நாலு பேருகிட்ட பேசத் தெரிஞ்சவுக. எனக்கு வாய் வராது. நீங்க வந்து பேசி முடிச்சுத் தரணும்" என்றாள். எனக்குப் பெருமை தலைக்கேறிவிட்டது. தையல்காரி மட்டும் கையால் கேட்டாள்: "உங்களுக்குக் கேட்குமா?" புது மெஷின், நன்றாகக் கேட்கிறது என்று துணிந்து சொன்னேன்.

நானும் அவள் அம்மாவும் மட்டும் திசையன்விளைக்குப் போனோம். பையனின் அப்பாவைப் பார்த்ததுமே மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்துவிட்டது. உதட்டை முழுக்க மூடின மீசை. உதட்டைப் பார்த்துத்தான் நான் பாதிப் பேச்சைப் புரிந்துகொள்வது, அந்த மீசைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று யாருக்குத் தெரியும்? போதாததற்கு வாய் நிறைய வெற்றிலை. தலைக்கு மேல் கடகடவென்று ஃபேன். உடன்குடிக் கருப்பட்டி போட்ட காப்பி கொடுத்தார்கள். அவர் நிதானமாக, நீளமாகப் பேசினார். மூன்று இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். மூன்று இடத்திலும் ஆட்டினேன். கடைசியில் அவர் முகம் மலர்ந்தது, தட்டில் பழமும் பூவும் வந்தன. காரியத்தை முடித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அம்மா வாயே திறக்கவில்லை. களைப்பு என்று விட்டுவிட்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் லைட்டை அணைத்துப் போட்டான். எல்லோரும் திரும்பினோம். வீட்டில் எழுதி அனுப்பியதைப் போனில் காட்டினான். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் இந்தக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. அவள் கடையை மூடிவிட வேண்டும். நாலு பேர் பார்க்கக் கையாட்டிப் பேசக் கூடாது. டீச்சர் எல்லாவற்றுக்கும் சம்மதித்துவிட்டார்.

தையல்காரி என்னைப் பார்த்தாள். "அவர்களே முடிவு செய்துவிட்டார்கள்" என்று புளுக ஒரு நிமிஷம் இருந்தது. மனசு அதற்குத்தான் தயாரானது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். ஆனால் அவள் கண் என் கையை விட்டு நகரவில்லை. "எனக்குக் கேட்கவில்லை. சும்மா தலையாட்டிவிட்டேன்" என்று சொன்னேன்.

அந்த அறையில் யாருமே திட்டவில்லை. உவரிக்காரர் முடிவெட்டும் கடையில் தலையாட்டி மொட்டையாக வந்த கதையைச் சொன்னார். அச்சாபீஸ்காரர் மாமியார் வீட்டில் தலையாட்டி நாலாவது தடவை சோறு வாங்கின கதையைச் சொன்னார். அறையே சிரித்தது. அவள் மட்டும் சிரிக்கவில்லை.

"இங்கே சொல்லி என்ன பிரயோஜனம்? அங்கே போய்ச் சொல்லுங்கள்" என்றாள்.

அன்று சாயங்காலம் அவள் அம்மாவிடம் சண்டைக்கே போனேன். "பக்கத்துல இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டு ஏன் சும்மா இருந்தீங்க?" என்றேன்.

"படிச்ச நீங்களே தலையாட்டுனியள்லா, நான் என்னத்தச் சொல்ல?" என்றாள்.

மறுவாரம் அம்மா, மகள், நான் மூன்று பேரும் திசையன்விளைக்குப் போனோம். பையனும் வீட்டில் இருந்தான். நான் முதலில் ஃபேனை நிறுத்தச் சொன்னேன். பிறகு முடியை ஒதுக்கி மெஷினைக் காட்டினேன்.

"அண்ணாச்சி, எனக்குச் சரியாக் காது கேக்காது. அன்னைக்கு நீங்க சொன்னது ஒண்ணுமே விளங்கல. தெரியாமத் தலையாட்டிட்டேன், அத வச்சு ஒண்ணும் முடிவு பண்ணாதிய."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர் வேல பாக்கிய, காது கேக்காதா?" என்று சத்தமாகக் கேட்டார். இனி இது ஊர் பூராவும் போகும் என்று தெரிந்தது. போனால் போகட்டும் என்று இருந்தது.

தையல்காரி கையை எடுத்தாள். நான் அவளுக்கு வாயானேன். "ஞாயித்துக்கிழம நான் போகணும்ங்கா. அதான் எனக்குப் பேச்சு. கடையையும் மூட முடியாதுங்கா. இது ரெண்டும் இல்லன்னா இந்தக் கல்யாணம் வேண்டாம்ங்கா."

அவர் கோபப்படுவார் என்று பார்த்தேன். கோபப்படவில்லை. "ரோட்டுல கையாட்டிட்டுப் போனா நாலு பேரு சிரிக்கானுவ, டீச்சர். இவன் சின்னப்பிள்ளையிலிருந்து பாத்துட்டுதான் இருக்கேன். கட்டிக்கிட்டு வார பிள்ளையையும் சேத்துச் சிரிக்கணுமா?" என்றார். மெதுவாகச் சொன்னார், இரண்டு தடவை திருப்பிக் கேட்டுத்தான் எனக்கு விளங்கியது. அந்த மனுஷன் மேல் ஒரு வாரமாக வைத்திருந்த கோபம் அத்தோடு போய்விட்டது.

அப்போது பையன் அவரைப் பார்த்துக் கையால் பேச ஆரம்பித்தான். வேகமாகப் பேசினான். அவர் மகனைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்ன சொல்லுதான்?"

பெற்ற மகன் சொல்வது என்னவென்று, இரண்டே தடவை சந்தித்த என்னிடம் கேட்கிறார். அந்தக் கேள்வியை விட அதற்குச் சொல்ல வேண்டிய பதில்தான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. கொஞ்சம் மழுப்பிச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. மழுப்பினது போதும் என்று உள்ளதை உள்ளபடியே சொன்னேன்.

"இந்த வீட்டுல நான் எவ்வளவோ சொல்லியிருக்கேன்ங்கான். அப்பா ஒண்ணும் விளங்காமலே எல்லாத்துக்கும் தலையாட்டுவாகன்னு சொல்லுதான்."

அவர் மனைவி சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். பிறகு அந்த மீசை அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை.

"கேக்கல அண்ணாச்சி, திருப்பிச் சொல்லுங்க."

சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து மறுபடி கேட்டேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, மீசையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

"ரெண்டு பேரும் போயிட்டு வரட்டும், கடையும் இருக்கட்டும். அவன் அங்கன என்ன பேசுதான்னு எனக்கும் யாராவது சொல்லுங்க."

தையல்காரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு வார்த்தை விடாமல் அவளுக்குச் சொன்னேன்.