இரண்டு கல்வெட்டுகள்

உத்திரமேரூரில் பிறந்தவள் என்பதால் கல்வெட்டு என்றாலே எனக்கு ஒரு கர்வம். வெளியூர்க்காரர்கள் கோயில் சுவரைப் பார்த்து வியக்கும்போது, நானே உட்கார்ந்து செதுக்கியவள்போல் பக்கத்தில் நிற்பேன். அந்தக் கர்வம்தான் பிறகு என்னை மாட்டிவிட்டது.

சாலவாக்கம் பக்கத்தில் ஒரு பள்ளியில் நான் சமூக அறிவியல் டீச்சர். பள்ளிக்குப் போகும் மண் ரோட்டை ஏரிக் கால்வாய் ஒன்று குறுக்கே வெட்டிப் போகும். நூறு நாள் வேலையில் அதைத் தூர்வாரிக்கொண்டிருந்த ஓர் அக்கா ஒருநாள் என் ஸ்கூட்டியைக் கைகாட்டி நிறுத்தினார். ஏடு ஏடாகப் பிரிந்த ஒரு வெளிறிய கல்லை நீட்டினார்.

"டீச்சர், இத்த பாருங்க. கல்லுக்குள்ள எலை கீது. இன்னா மரம் இது?"

இலையின் நரம்புகூடத் தெரிந்தது. எனக்குப் பெயர் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல டீச்சர்களுக்கு வாய் வராது. அன்று வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. போட்டோவை ஒரு நிலவியல் பேராசிரியருக்கு அனுப்பினேன். டைனோசர் காலத்துச் செடியாக இருக்கலாம், அந்தக் கரையை யாரும் கொத்தாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

உடனே மனு எழுதினேன். சும்மா எழுதினேனா? 'கால்வாய் ரோட்டைக் கடக்கும் இடத்தில் உள்ள அரிய கல்வெட்டைக் காத்து, மாணவர்களுக்குப் பயன்படச் செய்ய வேண்டும்.' இயற்கை எழுதிய கல்வெட்டாம்! எங்கள் பக்கத்தில் ரோட்டுக்கடியில் தண்ணீர் போகும் சிறுபாலத்துக்கும் கல்வெட்டு என்றுதான் பெயர். இங்கிலீஷ் 'கல்வெர்ட்' நம் வாயில் அப்படி ஆகிவிட்டது. அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அதிகாரிகள் வந்து பார்த்திருக்கிறார்கள். அங்கே கல்வெட்டே இல்லை. பாவம் என்று புதிதாகவே ஒன்றைச் சாங்ஷன் செய்துவிட்டார்கள்.

ஒரு காலையில் ஜேசிபி அந்தக் கரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது. கத்திக்கொண்டே ஓடினேன். "நீங்கதானே மேடம் கல்வெட்டு வோணும்னு எழுதினீங்க?" என்று ஓவர்சியர் என் மனுவையே காட்டினார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மழை வந்தால் பிள்ளைகள் பாவாடையைத் தூக்கிக்கொண்டு இறங்கும் இடம் அது; பாலம் வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

அக்கா மண்வெட்டியோடு குறுக்கே வந்து நின்றார். "சார், பாலமும் வோணும், எலையும் வோணும். பத்தடி அப்பால தள்ளிக் கட்டுங்க. அங்க வெறும் மண்ணுதான். தோண்டுன எனக்குத் தெரியாதா?"

டைனோசர் காலத்துச் செடி என்று சொல்லி, பையிலிருந்த அந்த இலைக் கல்லை நீட்டினேன். ஓவர்சியர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது டைனோசர் துன்ன எலையா?"

"துன்னாம வுட்டது சார்" என்றார் அக்கா.

அவர் சிரித்துவிட்டார். டேப்பை எடுத்து மறுபடி அளந்தார். பாலம் பத்தடி தள்ளிப் போனது. ஆனால் ஜேசிபி அள்ளிய மூலை போனது போனதுதான். அதில் என்னென்ன இலை இருந்ததோ.

இப்போது பக்கத்துப் பள்ளிகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். கல்வெட்டு எங்கே என்று யார் கேட்டாலும் அக்கா திருப்பிக் கேட்பார்: "எந்தக் கல்வெட்டு? மேல நடக்குறதா, குந்திகினு பாக்குறதா?"

பதில் தெரியாமல் விழிப்பவர்களை முதலில் கரையோரம் குந்த வைத்துவிடுவார்.