போயிட்டாக

செய்தி வந்தது காலை ஏழு ஐம்பதுக்கு. எனக்கு அது புரிந்தது மதியம் இரண்டேகாலுக்கு.

நான் டெல்லியில் இருந்தேன். கல்லூரி நூலகர்களுக்கான பயிற்சி முடிந்து, கடைசி நாளான வெள்ளிக்கிழமை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனார்கள். பஸ்ஸில் ஒரே இரைச்சல். போனில் மதினி முத்துப்பேச்சி. குரல் கம்மியிருந்தது.

"தாயி, ஒங்கண்ணே போயிட்டாக."

"சரி மதினி. வந்ததும் சொல்லுங்க, செங்கோட்டைக்குப் போய்க்கிட்டிருக்கேன்னு."

லைன் அறுந்தது. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

என் அண்ணன் வீரணன் கம்பத்தில் ஜீப் ஓட்டினார். இருபத்தாறு வருடமாக, விடியுமுன் ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலையேறுவார். மலையில் போன் எடுக்காது. எந்தக் காலையில் கூப்பிட்டாலும் மதினி சொல்வது அந்த ஒரு சொல்தான்: போயிட்டாக. விடுமுறையில் நான் ஜீப்பில் ஏறினால் அண்ணன் பின்னால் திரும்பி, "தள்ளி உக்காருங்கத்தா, காலேஜ் புள்ள கசங்கிரும்" என்பார். "கசங்குனா நீங்களே தேச்சுக் குடுங்க" என்று ஒருத்தி சொல்வாள். ஜீப்பே சிரிக்கும்.

செங்கோட்டை பார்த்தேன். ஹுமாயூன் சமாதி பார்த்தேன். உடன் வந்த சகாயராணி எடுத்த படங்களில் எல்லாம் சிரித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டிலோ, எனக்குச் சொல்லியாயிற்று என்றே எல்லோரும் இருந்திருக்கிறார்கள்.

இரண்டேகாலுக்கு அண்ணன் மகள் வேல்விழி கூப்பிட்டாள்.

"அத்தே, பிளேன் எறங்கியாச்சா? அப்பாவ எப்ப எடுக்கன்னு கேக்காக."

"அப்பாவ எங்கடி எடுக்க?"

அவள் அழத் தொடங்கினாள். நடுராத்திரியில் நெஞ்சு வலித்திருக்கிறது. விடிவதற்குள் முடிந்துவிட்டது.

காலையிலேயே கிளம்பியிருந்தால் ஐந்து மணிக்குக் கம்பம் சேர்ந்திருப்பேன். இனி மறுநாள்தான் விமானம். மறுநாள் சனிக்கிழமை. சனிப்பிணம் தனியாகப் போகாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். இருட்டுமுன் எடுத்தாக வேண்டும்.

"வீடியோவுல முகத்தக் காட்டவா அத்தே?"

வேண்டாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆட்டோ பிடித்து அறைக்குப் போய்விடலாம் என்றாள் சகாயராணி. அறையில் போய் என்ன செய்ய? குதுப்மினாருக்கும் போனேன். உள்ளே முந்நூற்று எழுபத்தொன்பது படிகள், யாரையும் ஏற விடுவதில்லை என்று வழிகாட்டி சொன்னார். கேட்டுக்கொண்டேன். ஐந்தரைக்கு அண்ணனை எடுத்தார்கள். அப்போது செருப்புக்குள் புகுந்த கல்லை உதறிக்கொண்டிருந்தேன். சகாயராணி தண்ணீர் கொடுத்தாள். குடித்தேன். அழுகை வரவில்லை.

சனிக்கிழமை மாலை வீட்டுக்குள் நுழைந்தபோது தரை கழுவிக் காய்ந்திருந்தது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்ததும் சொல்லுங்கன்னியே தாயி, நா என்னத்தச் சொல்ல?" என்றார். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை.

பதினாறாம் நாள் பத்திரிகையில் போட அண்ணன் படம் வேண்டும். முகம் நன்றாகத் தெரிகிறமாதிரி ஒன்றை என்னையே பார்த்து எடுக்கச் சொன்னார் மதினி. அச்சகத்தில் முந்தாநாளே கேட்டார்கள். இன்னும் எடுத்துக் கொடுக்கவில்லை.