லேசர் கோடு தடித்த கதை

எனக்குப் பயம் வந்தால் முதலில் வலது முழங்காலுக்குத்தான் தெரியும். மூளைக்கு அது பிறகுதான் சொல்லி அனுப்பும். இந்த உண்மை எனக்கே ஐம்பது வயதில்தான், சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் லேசர் பட்டறையில் விளங்கியது.

நான் மூன்று மாதமாகக் கட்டிய லேசரைச் சோதித்து வாங்கிப்போக, அன்று பதினோரு மணிக்கு ஒரு மேடம் வருவதாக ஏற்பாடு. தேறாவிட்டால் வேலை வேறு கம்பெனிக்குப் போய்விடும். நானோ, "கண்ண மூடிக்கினு தேறும்" என்று டீக்கடை வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன்.

லேசர் ஒரே நிறம் என்பார்கள். முழு உண்மை இல்லை. சுருதி பிடித்துப் பாடுகிறவர் குரலிலும் துளி நடுக்கம் இருக்குமே, அதுபோல அந்த நிறமும் துளி அலையும். சோதிக்கும் திரையில் அந்த நிறம் ஒரு கோடாக நிற்கும்; அலைகிற அகலம்தான் கோட்டின் தடிமன். உள்ளே எதிரெதிரே இரண்டு கண்ணாடிகள். அவற்றின் இடைவெளி இம்மி அசைந்தாலும் கோடு தடித்துவிடும்.

பத்து மணிக்குத் திரையைப் பார்த்தேன். ஊசியாக நிற்க வேண்டிய கோடு உலக்கையாக நின்றது.

வெளியே தகடு இறக்கும் லாரிகளைத் திட்டினேன். ஃபேனை நிறுத்தினேன். மின்சாரம் கொடுக்கும் பெட்டியை மாற்றினேன். சூட்டைச் சரிபார்த்தேன். ஒவ்வொன்றுக்கும் கோடு இன்னும் கொஞ்சம் பெருத்தது.

பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் ராயபுரத்துப் பெண் நிமிர்ந்தார்.

"அண்ணாத்த, உன் டீய பாரு."

மேஜைமேல் டீ வட்டவட்டமாக ஆடிக்கொண்டிருந்தது.

"லாரிம்மா."

"லாரியும் இல்ல, ஒண்ணும் இல்ல. உன் காலு. கம்பி மேல வெச்சுகினு தையல் மிஷின் ஓட்டிகினு கீற."

மேஜைக்கு அடியில் ரப்பர் கட்டைகள் உண்டு. லாரியின் அதிர்வை அவை விழுங்கிவிடும். நானோ ரப்பருக்கு மேலே, மேஜையின் குறுக்குக் கம்பியில் காலை ஊன்றியிருந்தேன். பயத்தில் கால் ஆட, கோடு தடிக்க, அதைப் பார்த்து நான் இன்னும் பயந்திருக்கிறேன்.

நாற்காலியில் சம்மணம் போட்டேன். உலக்கை ஊசியானது.

மேடம் வந்தார். திரையைப் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"சார் ஏன் இப்படி உட்கார்ந்திருக்கார்?"

"அவரும் மிஷின்ல ஒரு பாகம், மேடம். மடிச்சு வெச்சாத்தான் வேலை செய்யும்" என்றார் ராயபுரத்துப் பெண்.

லேசர் தேறியது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "கோட்டை இன்னும் ஒல்லியாக்கினா, தடிமனே இல்லாம போயிடுமா?" என்றார் மேடம்.

"போகாது மேடம். மத்ததோட தாளத்துக்கு வராம, தானா பொறக்கற ஒளித்துகள் உள்ள சிலது இருக்கும். அதுங்க கோட்டைக் கொஞ்சம் ஆட்டிகிட்டேதான் இருக்கும்" என்றேன்.

"அண்ணாத்தயோட சொந்தக்காரங்க, மேடம்" என்றார் பக்கத்து மேஜை.

வாசல்வரை போய் வழியனுப்பத்தான் நினைத்தேன். இரண்டு கால்களும் மரத்துப் போயிருந்தன. சம்மணம் கலையாமல், சாமியார்போல் கைகூப்பினேன்.